காசுமாலையா, புதையலா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்

கேள்வி: அம்மா காலமாகி 2 வருடம் ஆகிறது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா கொடுத்த, 'மூன்று சாமி வராகன்' எனப்படும் பழைய தங்கக் காசுகள் 9 என்னிடம் இருக்கின்றன. கடைசி வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டது நானும் என் மனைவியும்தான். எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன் இப்போது பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவை அம்மாவின் காசுமாலையிலிருந்து பிரித்தவை. ஆனால் ஒரு நாணய வியாபாரியிடம், "தாத்தா கிணறு வெட்டும்போது செப்புக் குடத்தில் கிடைத்தது" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். அதன் ஸ்க்ரீன்ஷாட் அண்ணனிடம் இருக்கிறது. நான் வழக்கு போடலாமா?

பதில்: யார் பார்த்துக்கொண்டார்கள், யார் வரவில்லை என்பதற்கெல்லாம் சட்டத்தில் ஒரு குன்றிமணி எடையும் கிடையாது. உயில் இல்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு. சகோதரி இருந்தால் அவருக்கும் உண்டு; அவரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. "கொடுத்தார்" என்பது தானமா, பத்திரப்படுத்தவா? தானம் என்று நிரூபிக்க உங்கள் மனைவியைத் தவிர வேறு சாட்சி வேண்டும்.

இதெல்லாம் இரண்டாம்பட்சம். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: காசு மண்ணிலிருந்து வந்ததா, கழுத்திலிருந்து வந்ததா?

1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத கண்டெடுப்பாளரின் பங்கு அரசைச் சேரும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. தாத்தாவை இனி யாரும் சிறையில் போடப் போவதில்லை. ஆனால் அவர் இழந்த பங்கு உங்களுக்கு வாரிசாக எப்படி வரும்? முறைப்படி தெரிவித்திருந்தாலும் அரசு விரும்பினால் அதன் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வராகன் ஒன்று சுமார் 3.4 கிராம். 9 காசுக்கு 30 கிராம் தங்க விலை, கூட அதில் ஐந்தில் ஒன்று. சேகரிப்பாளர் தரும் விலையை மறந்துவிட வேண்டியதுதான்.

கட்சிக்காரர்கள் விழுவது இந்தக் குழியில்தான். விலை ஏற்ற ஒரு கதை, அண்ணனை மடக்க ஒரு கதை, பதில் நோட்டீஸில் மூன்றாவது கதை. கோபத்தில் அண்ணன் அந்த ஸ்க்ரீன்ஷாட்டோடு ஆட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் மனு கொடுத்தால், பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 106-ஆம் பிரிவில் போலீஸ் காசைக் கைப்பற்றலாம். அதே சட்டத்தின் 503-ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்காலமாகத் திரும்ப வாங்கினாலும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் வரும். தொல்லியல் துறையின் கருத்து வரும்வரை வாய்தாதான்.

காசுமாலை என்பதற்கான சான்றுகளைத் தேடுங்கள்: கல்யாணப் போட்டோ, பழைய அடகுச் சீட்டு (அதில் காசின் எண்ணிக்கையும் எடையும் இருக்கும்), லாக்கர் பதிவு. எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி காசின் விளிம்பில் இருக்கிறது: வளையம் பற்றவைத்த தடம். அதை ராவி எடுக்கவோ, பாலிஷ் போடவோ கூடாது. சான்று போவதோடு, அடையாளத்தை மறைக்கப் பார்த்தீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் நீங்களே வழி செய்வீர்கள்.

வழக்கு வேண்டாம்; சமரசம் செய்யுங்கள். ஸ்க்ரீன்ஷாட் கதை நிலைத்தால் தனக்கும் ஒன்றும் மிஞ்சாது என்று அண்ணனின் வக்கீலுக்கே தெரியும். ஒவ்வொரு காசையும் இருபுறமும் படமெடுத்து, எடையை இரண்டு தசமம் வரை குறித்து, காசுமாலை வரலாற்றையும் எழுதி, எல்லா வாரிசுகளும் கையெழுத்திடும் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் போடுங்கள். அசையும் பொருள் மட்டும் என்பதால் பதிவு கட்டாயமில்லை. பிரித்துக்கொள்வதைவிட விற்றுப் பணத்தைப் பங்கிடுவது மேல். 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். ஆகவே உரிமம் பெற்ற வியாபாரிக்கு, ரசீதோடு விற்கவும். வெளிநாட்டுக்காரர் கூடுதல் விலை சொன்னாலும் தபாலில் அனுப்பாதீர்கள்: 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை.

காசு நிஜமாகவே மண்ணில் கிடைத்தது என்றால் மேலே சொன்ன சமரசம் எதுவும் பொருந்தாது. ஆட்சியருக்கு எழுத வேண்டியதுதான்.

வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள். காசுமாலைதான் உண்மையென்றால் வியாபாரிக்கு இன்றே திருத்தம் எழுதி அனுப்புங்கள், பதில் நோட்டீஸ் போவதற்கு முந்தைய தேதியில் அது இருக்கட்டும்.