ரெயில்ஸில் முகவரியிலிருந்து கன்ட்ரோலருக்கு: கேள்வி பதில்

ரூபி மொழியில் இணையச் செயலிகளை எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில், எந்த இணைய முகவரி எந்தக் கன்ட்ரோலருக்கு, அதாவது கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் எந்த நிரல் பகுதிக்கு, போய்ச் சேர வேண்டும் என்பதை ரூட்ஸ் கோப்பு தீர்மானிக்கிறது. அதைப் பற்றிய கேள்விகளுக்கு ஒரு நூலகச் செயலியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: "/நூல்கள்/தேடல்" என்று அழைத்தால் தேடல் பக்கம் திறப்பதில்லை. "தேடல்" என்ற ஐடி கொண்ட நூல் இல்லை என்ற பிழைதான் வருகிறது. ஏன்?

பதில்: ரெயில்ஸ் ரூட்ஸ் கோப்பில் மேலே உள்ள வரிக்கே முன்னுரிமை தருகிறது, முகவரிக்குப் பொருந்தும் முதல் வரி கிடைத்ததும் அதற்கே வேலையைக் கொடுத்துவிடும். நூலின் ஐடியை ஏற்கும் வரி மேலே இருப்பதால், "தேடல்" என்ற சொல்லையும் அது ஐடியாகவே எடுத்துக்கொள்கிறது. தேடலுக்கான வரியை அதற்கு மேலே நகர்த்துங்கள். அல்லது ஒரு பொருளுக்கான வழக்கமான ரூட்களை (முகவரி வழிகளை) ஒன்றாக உருவாக்கும் ரிசோர்சஸ் தொகுதிக்குள், தனி நூலுக்கல்லாமல் நூல்கள் அனைத்துக்கும் பொதுவான கலெக்‌ஷன் ரூட்டாக எழுதுங்கள். தொகுதிக்குள் எழுதியவை வழக்கமான ரூட்களுக்கு முன்பே பதிவாகிவிடுவதால் மோதல் வராது.

கேள்வி: ரிசோர்சஸ் என்று ஒரு வரி எழுதினால், காட்டுதல், உருவாக்குதல், அழித்தல் போன்ற 7 ஆக்‌ஷன்கள் கிடைக்கும் என்று படித்தேன். ஆனால் ரூட்களைப் பட்டியலிடும் கட்டளை 8 வரிகளைக் காட்டுகிறதே?

பதில்: அப்டேட் ஆக்‌ஷனுக்கு மட்டும் பேட்ச், புட் என்று இரண்டு கோரிக்கை வகைகள் (எச்.டி.டி.பி. முறைகள்) உண்டு, அதனால் அதற்கு இரண்டு வரிகள். 2013இல் வந்த ரெயில்ஸ் 4, சில புலங்களை மட்டும் மாற்றுவதற்குப் பொருத்தமான பேட்சை முதன்மையாக்கியது. பழைய செயலிகளுக்காகப் புட்டையும் விட்டுவைத்தது.

கேள்வி: நூலை இரவல் கொடுப்பது, தவணையைப் புதுப்பிப்பது, திரும்பப் பெறுவது ஆகியவற்றுக்காக நூல்கள் கன்ட்ரோலரில் மூன்று ஆக்‌ஷன்களைச் சேர்த்தேன். இப்போது அந்தக் கோப்பு 400 வரிகளைத் தாண்டிவிட்டது. எப்படிப் பிரிப்பது?

பதில்: எட்டாவது ஆக்‌ஷனை எழுதத் தோன்றும்போதெல்லாம், அந்த வினைச்சொல்லுக்குள் ஒரு பெயர்ச்சொல் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். நூலை இரவல் கொடுப்பது நூலில் செய்யும் மாற்றம் அன்று. "இரவல்" என்ற புதிய பொருளை உருவாக்குவது. ஆகவே இரவல்கள் என்று ஒரு கன்ட்ரோலர் வையுங்கள். கொடுப்பது அதன் கிரியேட் ஆக்‌ஷன். தவணையை நீட்டிப்பது ஓர் இரவலுக்குக் கீழே "புதுப்பிப்பு" ஒன்றை உருவாக்குவது. நூல் திரும்பி வருவது "திரும்பப்பெறல்" ஒன்றைப் பதிவு செய்வது. டெஸ்ட்ராய் ஆக்‌ஷனைக் கொண்டு இரவலையே அழித்துவிடாதீர்கள். யார், எப்போது எடுத்தார் என்ற வரலாறு அதோடு போய்விடும்.

இப்படிப் பிரித்தால் கோப்புகள் சிறியவையாகும் என்பது சிறிய பலன்தான். ஓர் உறுப்பினர் எத்தனை முறை புதுப்பித்தார் என்று நாளை நூலகர் கேட்டால், பதில் சொல்வதற்கான அட்டவணை ஏற்கெனவே உருவாகியிருக்கும். முகவரியை வடிவமைப்பது தரவை வடிவமைப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ரூட்ஸ் கோப்பில் கட்டாயமாகத் திணித்தது போல் தெரியும் வரி, பெரும்பாலும் மாடலில் (தரவைக் குறிக்கும் பகுதியில்) விடுபட்ட ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: அப்படியானால் நூலகம், அடுக்கு, நூல், இரவல் என்று நான்கையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாமா?

பதில்: வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்று என்ற ஒரு நிலைக்கு மேல் போகாதீர்கள். இரவலின் ஐடி தெரிந்துவிட்டால் அதைக் காட்டுவதற்கு நூலகத்தின் ஐடி தேவையில்லை. ஷேலோ என்ற விருப்பத்தைக் கொடுத்தால், பட்டியலும் உருவாக்கமும் மட்டும் தாய்ப்பொருளின் கீழ் இருக்கும், மற்றவை தனி முகவரி பெறும்.

கேள்வி: ஆசிரியர் பெயரையே முகவரியில் வைத்தேன். தலைப்பெழுத்து உள்ளவர்களின் பக்கம் மட்டும் திறப்பதில்லை.

பதில்: காரணம் புள்ளி. முகவரியில் புள்ளிக்குப் பின் வருவதை ரெயில்ஸ் ஜேசான், பி.டி.எஃப். போன்ற வடிவத்தின் பெயராகக் கருதுகிறது. "க.முருகன்" என்று வந்தால் "க" ஐடியாகவும் "முருகன்" வடிவமாகவும் பிரிந்துவிடும், "க.ச.முருகன்" என்று இரண்டு புள்ளிகள் வந்தால் எந்த ரூட்டும் பொருந்தாது. சாய்கோட்டைத் தவிர எந்த எழுத்தையும் ஐடி ஏற்கலாம் என்று ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் (கட்டுப்பாடு) எழுதினால் சரியாகிவிடும்.

கேள்வி: முகவரியில் தமிழைப் பயன்படுத்துவதே தவறோ?

பதில்: தவறில்லை, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட் எடுக்கிறது. சதவீதக் குறியோடு எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்துகளாகிறது. அதனால் "நூல்கள்" என்ற 7 குறியீட்டுச் சொல் 63 எழுத்துகளாக நீளும். முகவரியைச் சேமிக்கும் புலத்தின் நீளத்தை அதற்கேற்ப வையுங்கள். மற்றொன்று, "கொ" என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடும்போது பொருந்தாது. ஆகவே சேமிக்கும்போதும் தேடும்போதும் ரூபியின் யூனிகோட் நார்மலைஸ் முறையால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், ரூபி 2.2 முதல் அது மொழியோடே வருகிறது.