அமெரிக்காவில் லத்தினோக்களின் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின்) தேவாலயங்களில் ‘ப்ரொமோத்தோரா’ என்பவர் யார்?

தன் சமூகத்துக்கு உடல்நலத் தகவலைக் கொண்டுசேர்க்கப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்தான் ப்ரொமோத்தோரா. இவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பெரும்பாலும் பெண்கள். பலர் தேவாலயம் வழியாகவே வேலை செய்கிறார்கள்.

ஏன் தேவாலயம்? அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களில் லத்தினோக்களின் பங்கு மிக அதிகம். ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்கு மருத்துவமனையில் பெயர், முகவரி கொடுக்கவே பயம். ஆனால் ஸ்பானிய மொழித் திருப்பலிக்குப் பலர் குடும்பத்தோடு வருவார்கள். அதனால் பூசை முடிந்ததும் அங்கேயே மேஜை போட்டு ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார்கள். வாழ்நாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு பொதுவாக அமெரிக்கர்களுக்கு 40 சதவீதம் என்றால், லத்தினோக்களுக்கு 50 சதவீதத்துக்கும் மேல். அவர்கள் தினமும் சாப்பிடும் சோள ரொட்டியான “தோர்த்தியாவை விட்டுவிடு” என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ப்ரொமோத்தோராவும் அதையே சாப்பிட்டு வளர்ந்தவர். எண்ணிக்கையைக் குறைத்து, பீன்ஸும் நோபால் கள்ளியும் சேர்த்து, சோடாவை நிறுத்தச் சொல்வார். இந்த நெருக்கம்தான் பெரிய பலம் என்பேன்.

முதல்முறை வங்கிக்குப் போகும்போது கூடவே வந்து படிவம் நிரப்பித் தரும் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மனச்சோர்வு, குடும்ப வன்முறை பற்றியும் முதலில் இவரிடம்தான் வாய் திறப்பார்கள்.

மருந்துக்குப் பதில் ஜெபம் சொல்லித் தருகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இன்சுலினை நிறுத்தாதே என்று வற்புறுத்தி, வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக மருத்துவ மையத்துக்கு அனுப்பிவைப்பதே இவர்கள் வேலை.