சர்க்கரையை இறக்கிப் பார்க்கும் டெஸ்ட்: கோமாவில் கொண்டுபோய் விடுமா?

வயது 44. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. இன்சுலின் போட்டு சர்க்கரையை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். கோமாவில் போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் இரண்டு வாரமாக நிறுத்திவிட்டேன். காலையில் தலைசுற்றல், நேற்று இரண்டு முறை வாந்தி. முடி கொட்டுகிறது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 28 என்று ரிப்போர்ட். பயமாக இருக்கிறது.

பதில்: டெஸ்ட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இந்தப் பதில் அச்சில் வரும் முன்பே போயிருந்தால் நல்லது.

உடம்பைச் சோதனையில் தாக்குப்பிடிக்க வைக்கும் ஹார்மோன் கார்டிசால்; நீங்கள் நிறுத்திய ஹைட்ரோகார்ட்டிசோனும் அதேதான். அதைச் சுரப்பது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி. சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது பிட்யூட்டரி. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த உத்தரவு போகிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. காய்ச்சல், வாந்திபேதி, அடிபட்டால் நல்ல உடம்பு தானாகவே கார்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் உடம்பால் முடியாமல் போனால் ரத்த அழுத்தம் சரியும், மயங்கி விழுவீர்கள், உயிரே போகலாம். வாந்தி எடுக்கும்போது மாத்திரை வயிற்றில் தங்காது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைன் டிரிப்பும் உடனே தேவை. கேஷுவால்டியில் கால் வைத்ததும் "பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவன், ஸ்டீராய்டை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லுங்கள். இதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஸ்டீராய்டு என்றதும் முகம் உப்பும், எலும்பு கரையும் என்று வீடியோவில் பயமுறுத்துவார்கள். அதெல்லாம் அதிக டோஸை நெடுநாள் எடுப்பவர்களின் கதை. இந்த நிலையில் வழக்கமாகக் கொடுக்கும் தினசரி 15, 20 மில்லிகிராம் என்பது உடம்பு தானே சுரந்திருக்க வேண்டிய அளவுதான். தானாக நிறுத்துகிற மருந்தா இது?

இனி டெஸ்ட். காலையில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. 15-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நடுவில் மாட்டிக்கொள்பவர்களுக்குத்தான் பிட்யூட்டரியைச் சீண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை இறங்குவது அதற்கு ஒரு பெரிய அதிர்ச்சி. கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் எகிற வேண்டும். எகிறுகிறதா என்று சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் பல முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சர்க்கரை 40-க்குக் கீழே போகும்போது வியர்க்கும், படபடக்கும், பசி பிடுங்கும். வேண்டுமென்றே வரவழைப்பதுதான் அது. பக்கத்திலேயே டாக்டரும் நர்சும் இருப்பார்கள், நரம்பில் ஊசி ஏற்கெனவே போட்டிருக்கும், தேவைப்பட்டால் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் உடனே ஏறும். வலிப்பு நோய், மாரடைப்பு, நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு இதைச் செய்வதில்லை. உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்து, கடிதத்தில் விட்டிருந்தால், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏசிடிஎச் (அட்ரினலுக்கு உத்தரவு போடும் ஹார்மோன்), குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்) ஊசி போட்டுச் செய்யும் மாற்று டெஸ்ட்டுகள் இருக்கின்றன.

புரோலாக்டின் 28? ஊசியைப் பார்த்துப் பயந்தாலே அவ்வளவு ஏறும். முடி கொட்டுவதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை.

வாந்தியும் தலைசுற்றலும் முழுக்கச் சரியாகி, மாத்திரை ஒழுங்காக நடக்கும்போதுதான் டெஸ்ட். அதற்கு முன் கடைசி டோஸ் எப்போது என்பதை டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அங்கேயே மாத்திரையைப் போட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.