டீச்சர் பதில்கள்: சந்திரமதியை விலை கூறும் நேரத்தில் சாப்பாடு

சென்ற இதழில் எங்கள் பாலக்கோட்டுத் தெருவின் பொம்மலாட்ட இரவைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஜாக்கெட் கழுத்து ஏன் இறங்குகிறது, கை ஏன் பிடிக்கிறது என்றே இத்தனை நாள் தையல் டீச்சரான என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பொம்மைக்குத் தாவிவிட்டீர்கள். இருக்கட்டும். ஜாக்கெட்டுகள் அடுத்த இதழில்.

*கே: எங்கள் தெருவில் முப்பது வீடுகள். கோடை விடுமுறையில் ஒரு நாள் பொம்மலாட்டமும் கூட்டுச் சாப்பாடும் வைக்க ஆசை. சாப்பாடு ஆட்டத்துக்கு முன்பா, பின்பா? ஒரே இடத்தில் சமைப்பதா, வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுவருவதா?*
*வாசகி, அரூர்*

இரண்டு வருடம் தப்பாகச் செய்துவிட்டு மூன்றாம் வருடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வருடம் ஆட்டம் முடிந்த பிறகு சாப்பாடு என்றோம். அரிச்சந்திரன் நாடு துறந்து கிளம்புவதற்குள் அவரைக்கொட்டைக் குழம்பின் வாசம் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் பசியில் சிணுங்கி, அப்படியே தூங்கிப்போனார்கள். தூங்குகிற பிள்ளைக்கு யார் ஊட்டுவது? இரண்டாம் வருடம் முதலில் சாப்பாடு. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், ஆண்கள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள், பெண்கள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டோம். அரிச்சந்திரன் மகன் லோகிதாசனைப் பாம்பு கடித்தபோது நான் குழாயடியில் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் வருடம் நடுவில் வைத்தோம். காசி வீதியில் அரிச்சந்திரன் தன் மனைவியை விலை கூறுகிறான் பாருங்கள், அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னோம். சந்திரமதி விற்பனைக்கு என்பதன் அடையாளமாகப் புல்லோடு நிற்கிறாள், திரை விழுகிறது, பந்தி போடுகிறோம். ஒரு ஆள் வீட்டுக்குப் போகவில்லை. யார் வாங்கப்போகிறார்கள் என்று தெரிந்த கதையையே களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைபோடாத குறையாகப் பேசினார்கள். அவரவர் தட்டையும் டம்ளரையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, கழுவாமல் எடுத்துப்போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டால் காலையில் தானே விட்டுக்கொடுக்கும். அதற்காக ஒரு பெண்ணும் ஆட்டத்தை இழக்க வேண்டியதில்லை.

களியை ஒரே இடத்தில் கிண்டுங்கள். தொட்டுக்கொள்ள வீட்டுக்கு ஒன்று வரட்டும். களி ஆறினால் களியில்லை, கல். பத்துப் பேருக்கு ஒரு கிலோ கேழ்வரகு மாவும் கால் கிலோ நொய்யும் எங்களுக்குச் சரியாக இருக்கிறது. நொய் வெந்ததும் மாவைக் குவித்துக் கொட்டி, மூடி வேகவிட்டு, பிறகு கிண்ட வேண்டும். களிக்கோலை ஆண்களிடம் கொடுங்கள். அரை மணி நேரம் கிண்டிய ஆள் அடுத்த நாள் வீட்டில் 'என்ன, இன்றைக்கும் களியா' என்று கேட்க மாட்டார். வீடுகளிலிருந்து கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, நிலக்கடலைத் துவையல் எது வந்தாலும் ஒரே வரிசையில் வைத்துவிடுங்கள். எது யார் வீட்டுக் குழம்பு என்று சீட்டு ஒட்டாதீர்கள். நாங்கள் ஒட்டினோம். ஒரு வீட்டுக் குழம்பு மட்டும் அப்படியே மிஞ்சி, அந்த அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

*கே: தோல்பாவைக்கூத்தும் பொம்மலாட்டமும் ஒன்றுதானே?*
*கல்லூரி மாணவர், ஊத்தங்கரை*

இல்லை தம்பி. தோல்பாவை என்பது பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, துளைகள் இட்டு, வண்ணம் பூசியது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. நாம் பார்ப்பது வண்ண நிழல். தமிழ்நாட்டில் இதை ஆடுகிற குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகள் வராவிட்டால் அந்தக் கூத்து களைகட்டாது.

பொம்மலாட்டம் மரப்பொம்மை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள், ஏனென்றால் அது எடை குறைந்த மரம். அப்படியும் பெரிய பொம்மை எட்டு, பத்து கிலோ வரும். ஆட்டுகிறவர் தலையில் ஓர் இரும்பு வளையத்தைக் கிரீடம் போல மாட்டியிருப்பார். பொம்மையின் கயிறுகள் அந்த வளையத்தில் கட்டியிருக்கும். பொம்மையின் கைகளுக்குத் தனியாகக் கோல். ஆகவே பொம்மை தலையாட்ட வேண்டுமானால் அவர் தலையாட்ட வேண்டும். கும்பகோணம் பக்கத்தில் கச்சேரி சங்கீதத்தோடு ஆடுவார்கள். நம் சேலம், தருமபுரிப் பக்கத்தில் தெருக்கூத்துப் பாட்டு. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள், நான் பாலக்கோட்டுக்காரி.

*கே: வெளிநாட்டில் இப்படிச் சாப்பாடு போட்டுப் பொம்மை ஆட்டுகிறவர்கள் உண்டா? இல்லை, நமக்குத்தான் எதற்கெடுத்தாலும் சாப்பாடா?*
*வாசகர், கிருஷ்ணகிரி*

கிண்டல் புரிகிறது. உண்டு ஐயா. அமெரிக்காவில் 'ரொட்டியும் பொம்மையும்' என்ற பொருளில் 'பிரெட் அண்ட் பப்பட் தியேட்டர்' என்றே பெயர் வைத்த ஒரு குழு 1963இல் நியூயார்க்கில் தொடங்கியது. பிறகு வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பண்ணைக்குப் போய்விட்டார்கள். அதைத் தொடங்கிய பீட்டர் ஷுமன் ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஆளுயரத்துக்கும் மேலான காகிதக்கூழ்ப் பொம்மைகளைச் செய்கிறவர், தன் கையாலேயே ரை என்ற தானியத்தில் புளித்த மாவு ரொட்டியும் சுட்டு, பூண்டுச் சாந்து தடவிப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார். ரொட்டியும் நாடகமும் பிரிக்கக் கூடாதவை என்பது அவர் கட்சி. ரொட்டி கொஞ்சம் முரடு, நன்றாக மென்று தின்ன வேண்டுமாம். நம் களியைப் பல் படாமல் விழுங்க வேண்டும். அந்த ஒரு வித்தியாசம்தான்.

*கே: ஆட்டக்காரர்களையும் பந்தியில் உட்கார வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். 'எதற்கு வம்பு, பார்சல் கட்டிக் கொடுத்துவிடுங்கள்' என்கிறார்கள் சில பெரியவர்கள். என்ன செய்வது?*
*இளைஞர்கள் சிலர், பென்னாகரம் பக்கம்*

எனக்கு எட்டு வயது இருக்கும். மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் என் பாட்டி ஊர். பொம்மலாட்டக்காரர்கள் மூன்று நாள் தங்கி ஆடினார்கள். லோகிதாசனுக்குக் குரல் கொடுத்தது என் வயதுப் பெண் ஒருத்தி. பாம்பு கடித்தவுடன் 'அம்மா' என்று அவள் அலறிய அலறலில் ஊரே அழுதது. என் பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் சோறு வாங்க எங்கள் வீட்டின் பின்வாசலுக்கு வந்தாள். 'நீ போய் ஊற்று, கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஊற்று' என்றாள் அதே பாட்டி. பாத்திரம் பாத்திரத்தில் படக் கூடாதாம். நான் தூக்கிப் பிடித்துக் கொள்ளுச் சாற்றை ஊற்றினேன். தெறித்து அவள் மணிக்கட்டில் விழுந்தது. கொதிக்கிற சாறு. இரவில் பொய்ப் பாம்புக்கு அப்படி அலறியவள், கை சுட்டும் வாயைத் திறக்கவில்லை. பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பார்சல் கட்டாதீர்கள். நடுப்பந்தியில் அவர்களுக்கு இலை போடுங்கள், நீங்கள் இரண்டு பக்கமும் உட்காருங்கள். எழுந்து போகிற பெரியவர்கள் போகட்டும். அவர்கள் பங்குக் களியையும் யாராவது சாப்பிடுவார்கள். பேசிய தொகையைச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளாதீர்கள், அதையும் சொல்லிவைக்கிறேன். சோறு போட்டோம் என்று கூலியில் குறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

*கே: ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நிஜ ஆட்டக்காரர்களை அழைக்க வசதியில்லை. பிள்ளைகளே அட்டைப்பெட்டியில் சின்ன நாடக மேடை செய்ய முடியுமா? என்ன கதை போடலாம்?*
*ஒரு தந்தை, ஓசூர்*

தாராளமாக. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் இதற்கென்றே அச்சடித்த தாள்கள் விற்றன. மேடை, திரை, நடிகர்கள் எல்லாம் தாளில்; வெட்டி அட்டையில் ஒட்டி, மேசை மேல் நாடகம் போட வேண்டியதுதான். வண்ணமில்லாத தாள் ஒரு பென்னி, வண்ணம் பூசியது இரண்டு பென்னி. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு பென்னித் தாளை வாங்கித் தாங்களே வண்ணம் பூசினார்கள்.

உங்களுக்கு ஒரு பென்னியும் வேண்டாம். மிக்ஸி வந்த பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டினால் மேடை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஆட்களை வரைந்து வெட்டி, அகர்பத்திக் குச்சியில் ஒட்டிப் பக்கவாட்டுத் துளை வழியாக நீட்டலாம். வெளிச்சத்துக்கு டார்ச் லைட். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம், அட்டைப்பெட்டி அது.

கதைக்கு எங்கே போக வேண்டும்? தகடூர்தான் நம் தருமபுரி. அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், அது முதல் காட்சி. இரண்டாவதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுங்கள். அதியமானுக்காக ஔவை, தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போகிறாள். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டுகிறான். எல்லா வேலும் நெய் பூசி, மயிற்பீலி கட்டி, மாலை போட்டுப் பளபளவென்று நிற்கின்றன. 'ஆகா, உன்னுடையவை அழகாக இருக்கின்றன. எங்கள் அதியமான் வேல்கள் பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்கிறாள் ஔவை. பிள்ளைகளுக்கு இந்தக் குத்தல் உடனே புரியும். பளபளக்கும் வேலுக்கு ஜிகினாத் தாள், ஒடிந்த வேலுக்குப் பல்குத்தும் குச்சி. கொல்லன் பட்டறைச் சத்தத்துக்கு இரண்டு கரண்டி போதும்.

அதே பாட்டில் அதியமானைப் பற்றி ஒரு வரி உண்டு: 'உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்'. இருந்தால் சோறு போடுவான், இல்லாதபோது இருக்கிறதைச் சேர்ந்து உட்கார்ந்து உண்பான். அந்த வரியை ஒரு பிள்ளை சொல்லி முடித்ததும் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்துவிடுங்கள். ஓசூரில் தெலுங்கு, கன்னடம் பேசுகிற பிள்ளைகளும் இருப்பார்களே, தொண்டைமானைத் தெலுங்கு பேச விடுங்கள். எந்த டப்பாவிலிருந்து எது வந்தாலும் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

*கே: கூட்டுச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு வைக்கலாமா?*
*பெயர் வேண்டாம், காரிமங்கலம்*

வைக்கலாம். திரையிலிருந்து தள்ளி வையுங்கள். பெயர் வேண்டாம் என்று ஏன் எழுதினீர்கள்? கருவாடு என்ன களவா?

*கே: திருக்குறளில் பொம்மலாட்டம் வருகிறதாமே?*
*வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி*

வருகிறது. 'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று', 1020ஆவது குறள். உள்ளே வெட்கம் இல்லாதவர்கள் நடமாடுவது, கயிற்றால் ஆட்டி உயிர் இருப்பதுபோல மயக்கும் மரப்பொம்மையைப் போன்றது. முதல் 'நாண்' வெட்கம், இரண்டாவது 'நாண்' கயிறு. ஒரே சொல்லை வைத்து வள்ளுவர் தைத்திருக்கிற தையலைப் பாருங்கள். முடிச்சு வெளியே தெரியவில்லை.

*கே: பொம்மைக்கு உடை தைக்க எந்தத் துணி நல்லது, டீச்சர்?*
*தையல் பழகும் மாணவி, இராயக்கோட்டை*

அப்பாடா, என் பாடம் வந்துவிட்டது. பட்டு வேண்டாம், விறைத்து நிற்கும். நாள்பட்ட பருத்திச் சேலை நன்றாக விழும். விளக்கில் மின்ன வேண்டுமானால் கரையில் மட்டும் ஜரிகை வையுங்கள். பாவாடையைப் பொம்மையின் கால் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே நான்கு விரல் நீளமாக விடுங்கள். பாவாடை கட்டிய பொம்மைகள் பலவற்றுக்குக் கால் கிடையாது, பாவாடைதான் நடக்கிறது.

எங்கள் மூன்றாம் வருட இடைவேளையில் ஆட்டக்காரரின் மனைவி என்னிடம் வந்து, 'டீச்சரம்மா, சந்திரமதி பாவாடை கிழிந்துவிட்டது, ஊசி இருக்கிறதா?' என்றார். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். சந்திரமதியை என் மடியில் கிடத்தினார்கள். அவ்வளவு கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை; தூங்கிப்போன பிள்ளையைப் போல இருந்தாள். கிழிசலை மடித்து ஓட்டுத்தையல் போட்டு, பழக்கத்தில் நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தேன். 'வேண்டாம் அம்மா, அவள் மேல் எச்சில் படக் கூடாது' என்று அந்த அம்மா என் தாடையைக் கையால் தடுத்தார். மணிக்கட்டில் வளையல் மட்டும்தான் இருந்தது, வேறு தழும்பு எதுவும் இல்லை. நான் பார்த்தேன்.

கத்தரிக்கோல் எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். வந்து சேர்வதற்குள் மத்தளம் தொடங்கிவிட்டது.