கலாய்த்தால் சிரிக்கிறார், அது போதுமா?

கேள்வி: எனக்கு 28 வயது. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பக்கத்து டீமில் இருக்கும் ஒரு பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நன்றாகப் பேசுவார். நான் கலாய்த்தால் சிரிப்பார். இரண்டு மூன்று முறை கேன்டீனில் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவர் எழுதும் புரோகிராம் கோடைச் சில சமயம் நான்தான் ரிவியூ செய்வேன், அதாவது சரிபார்த்து ஒப்புதல் தருவேன். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கிண்டல் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அவருக்கும் விருப்பம் இருக்கிறதா, இல்லை என்னை ‘வழிகிற ஆள்’ என்று நினைக்கிறாரா? பெண்களிடம் விளையாட்டாகப் பேசக் கற்றுத்தருவதாக ஒருவர் ஆன்லைன் வகுப்பு நடத்துகிறார். கட்டணம் 3,999 ரூபாய். சேரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சேர வேண்டாம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

அவர் சிரிக்கிறார் என்கிறீர்கள். அலுவலகத்தில் சிரிப்பது மரியாதை. மேனேஜர் சொல்லும் அறுவை ஜோக்குக்கும்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள். 1982-இல் அன்டோனியா ஆபி என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் பேசவிட்டார். அதை இன்னோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து பார்த்தார்கள். சாதாரணப் பேச்சுதான். ஆனால் பேசியவர்களானாலும் பார்த்தவர்களானாலும், பெண்ணின் சிநேகமான பேச்சில் பெண்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு கவர்ச்சி ஆண்களுக்குத் தெரிந்தது. இதற்கு நேர்மாறாக, 2014-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் குழு வேறொன்றைக் கண்டது. எதிரில் இருப்பவர் சும்மா பேசும்போது அது சும்மா பேச்சு என்று பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். அவர் உண்மையிலேயே சீண்டி விளையாடியபோதுதான் பலர் கோட்டைவிட்டார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: முகத்தைப் பார்த்தே மனசைப் படிக்கும் திறமை நம்மில் யாருக்கும் அவ்வளவாக இல்லை. அதனால் சிரிப்பை விடுங்கள். பந்து திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

கேன்டீனையே எடுத்துக்கொள்வோம். அவர் டப்பாவைத் திறக்கிறார். “இன்னிக்கும் எலுமிச்சை சாதமா? வீட்ல தோப்பு ஏதாவது வெச்சிருக்கீங்களா?” என்கிறீர்கள். அவர் சிரித்து, “ஆமாங்க” என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கிறார். அவ்வளவுதான். பந்து அங்கேயே விழுந்துவிட்டது. குறை ஒன்றும் இல்லை, நீங்களும் சாப்பிடுங்கள். மாறாக, “தோப்பேதானுங்க. உங்களுக்கு ஒரு மூட்டை அனுப்பட்டுமா? மூணு நாளா அந்தப் பரோட்டாவோட போராடிட்டு இருக்கீங்களே, செரிக்கறதுக்கு ஆகும்” என்கிறார் என்று வையுங்கள். நீங்கள் மூன்று நாளாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கவனித்திருக்கிறார், உங்கள் கிண்டலின் மேல் தன் கிண்டலை ஏற்றியிருக்கிறார், பேச்சை உங்கள் பக்கமே தள்ளியும் விட்டிருக்கிறார். இதற்குப் பெயர் காதல் இல்லை. இன்னொரு பந்து போடலாம் என்பதற்கான அனுமதி.

கடலை போடுவது என்றும் வழிவது என்றும் நம் ஊரில் இரண்டு சொற்கள் இருப்பது சும்மா இல்லை. கடலைக்கு உரிக்க இரண்டு பேர் வேண்டும். வழிவதற்கு ஒருவரே போதும். உங்கள் கடைசிப் பத்துப் பேச்சுகளை நினைத்துப் பாருங்கள். அவராக ஆரம்பித்தது எத்தனை? உங்களிடம் அவர் கேட்ட கேள்வி எத்தனை? இரண்டுக்கும் பூஜ்யம் என்றால் விடை கிடைத்துவிட்டது.

எதைக் கிண்டல் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். அவராகத் தேர்ந்தெடுத்த சின்ன விஷயங்களைச் சீண்டலாம்: சர்க்கரை மூன்று ஸ்பூன் போட்ட டீ, டமடமவென்று சத்தம் போடும் கீபோர்டு. நிறம், உடம்பு, உடை, வயசு, ‘இன்னும் கல்யாணம் ஆகலையா’ எல்லாம் கூடாது. ‘நீங்க எந்த ஊர், ஊர்ல எந்தப் பக்கம்’ என்று விளையாட்டாகக் கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் கேள்வி எதைத் தேடி வருகிறது என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அதோடு பேச்சு செத்துவிடும்.

இன்னொரு அடையாளம். இதுவரை பெயர் சொல்லியோ வெறும் ‘நீங்க’ என்றோ பேசியவர் திடீரென்று ‘அண்ணா’ என்றால் கேஸ் முடிந்தது. கோவையில் எல்லாருக்கும் ஒட்டுகிற ‘ங்ணா’வைச் சொல்லவில்லை. புதிதாக முளைக்கிற அண்ணாவைச் சொல்கிறேன்.

சரி, அந்த வகுப்புக்கு வருகிறேன். இதில் சிக்கியவர்கள் என் ஆலோசனை அறைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கதை ஒரே மாதிரிதான். முதலில் இலவச வெபினார், ‘இன்னும் 11 இடங்கள் மட்டுமே’ என்ற மிரட்டல், அப்புறம் சில ஆயிரம், அப்புறம் தனிப் பயிற்சிக்குப் பல ஆயிரம். உள்ளே சொல்லித்தருவது என்ன? லேசாக மட்டம் தட்டினால் அவளே உங்கள் பாராட்டுக்கு ஏங்குவாள், இரண்டு நாள் பேசி மூன்று நாள் ஒதுங்குங்கள், அவள் ‘வேண்டாம்’ என்பது ஒரு பரீட்சை. இந்த மூன்றாவதுதான் விஷம். மறுப்பைப் பரீட்சை என்று படித்துவிட்டு வருகிறவன் அப்புறம் எந்த மறுப்பையும் கேட்க மாட்டான். பலிக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் ‘உங்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை, அடுத்த நிலை வகுப்புக்கு வாங்க’ என்பார்கள். நம் சினிமாக் கதாநாயகன் மூன்று பாட்டு நேரம் பின்னாலேயே திரிந்து ஜெயிப்பதைக் காசு வாங்கிக்கொண்டு திரும்ப விற்கிறார்கள், வேறொன்றும் இல்லை. வெளியே அதற்குப் பெயர் வேறு. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். மெசேஜும் அதில் அடங்கும்.

காசில்லாத இடைத்தரகரும் ஒருவர் இருப்பார்: உங்களுக்கும் அவருக்கும் பொதுவான நண்பர். ‘நான் கேட்டுச் சொல்றேன் மச்சான்’ என்பார். தயவுசெய்து வேண்டாம். மதியம் தூது போனால் மாலைக்குள் மாடி முழுக்கத் தெரியும். அந்தப் பெண் பதில் சொல்வதற்கு முன்பே அவர் பெயரோடு உங்கள் பெயர் ஒட்டிவிடும்.

3,999 ரூபாய்க்கு அவர்கள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கண்டது: பேச்சில் நிறையக் கேள்வி கேட்பவர்களை, அதிலும் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பவர்களை, எதிரில் இருப்பவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது. ‘வாரக் கடைசில ஊருக்குப் போனேன்’ என்றால் உங்கள் ஊர்க் கதையை எடுத்துவிடாதீர்கள். ‘பஸ்ஸா ரயிலா, உட்கார இடம் கிடைச்சுதா?’ என்று கேளுங்கள்.

இனி நீங்கள் ஒற்றை வரியில் தாண்டிப்போன விஷயம். அவர் கோடை நீங்கள் ரிவியூ செய்கிறீர்கள். இதில் நான் கொஞ்ச நேரம் நிற்கத்தான் போகிறேன். ‘நான் அவருக்கு மேனேஜர் இல்லையே’ என்பீர்கள். இல்லைதான். ஆனால் நீங்கள் ஒப்புதல் தராவிட்டால் அவர் வேலை வெள்ளிக்கிழமை முடியாது. நீங்கள் எழுதும் ஒரு கமென்ட்டை அவருடைய மேனேஜர் பார்க்கிறார். வருடக் கடைசியில் மதிப்பீட்டுக்கு உங்களிடம் ‘எப்படி வேலை செய்கிறார்’ என்று ஒரு வார்த்தை கேட்டாலும் கேட்பார்கள். அந்த நிலையில் அவருடைய சிரிப்பை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, அவரே நினைத்தாலும் உங்களிடம் ‘வேண்டாம்’ என்பது சுலபமில்லை. அதனால் வரிசை இதுதான்: முதலில் அவருடைய ரிவியூவை வேறொருவருக்கு மாற்றுங்கள். வேலைப் பளு என்று சொன்னால் போதும், காரணத்தை விளக்க வேண்டாம். ஒரு மாதம் போகட்டும். உங்கள் கையில் அவருடைய வேலை எதுவும் இல்லாதபோதும் அவர் வந்து பேசுகிறாரா என்று பாருங்கள். தற்காலிகமாக மட்டும்தானே, மாதம் ஒன்றிரண்டு முறைதானே என்றெல்லாம் சமாதானம் சொல்லாதீர்கள். ஒருமுறை என்றாலும் அது கணக்குதான்.

இதை உங்கள் நிறுவனமே சொல்லித்தந்திருக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம். பல இடங்களில் அது லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய ஒரு போஸ்டராகவும், வருடத்துக்கு ஒருமுறை ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிவிடும் கம்ப்யூட்டர் பாடமாகவும்தான் இருக்கிறது. கல்லூரிகளைக் கேட்கவே வேண்டாம். ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி, பேசினால் அபராதம். நான் படித்த இடத்தில் ஒரு பெண்ணிடம் லேப் நோட்டு வாங்கியதற்கு ஐம்பது ரூபாய் கட்டியிருக்கிறேன். நான்கு வருடம் பேசவே விடாமல் வைத்திருந்துவிட்டு, 22 வயதில் ஏசி அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து ‘கண்ணியமாகப் பழகு’ என்றால் எங்கிருந்து வரும்?

ஒரு மாதம் கழித்தும் பந்து திரும்பி வந்தால் நேரடியாகக் கேளுங்கள், ஒரே ஒருமுறை. நாளும் இடமும் சொல்லி, வராமல் இருக்க வழியும் விட்டு: “சனிக்கிழமை ஆர்.எஸ்.புரத்துல ஒரு காபி சாப்பிடலாமா? முடியலைன்னாலும் ஒண்ணுமில்ல.” ‘இந்தச் சனி முடியாது, அடுத்த வாரம்?’ என்றால் சரி என்று அர்த்தம். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் வந்தால் இல்லை என்று அர்த்தம். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு நாமே எத்தனை பேரிடம் இந்தப் ‘பார்க்கலாம்’ சொல்லியிருக்கிறோம்!

அந்த வாட்ஸ்அப் கிண்டல். 2005-இல் வந்த ஓர் ஆய்வில், தங்கள் மின்னஞ்சலில் இருப்பது கிண்டலா இல்லையா என்பது முக்கால்வாசிக்கு மேல் புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். குரலும் முகமும் இல்லாமல் போனால் கிண்டல் குத்தலாகிவிடும். அவருக்குப் புரியாமல் இருந்திருக்கலாம், பிடிக்காமல் இருந்திருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம். ‘கோபமா?’ என்று கேட்காதீர்கள், கேள்விக்குறி மட்டும் அனுப்பாதீர்கள். முக்கியமாக, அதை அழிக்கலாமா என்று யோசிக்காதீர்கள். போன வாரம் அனுப்பியதை அவர் போனிலிருந்து அழிக்க வாட்ஸ்அப் இனி விடாது. விட்டிருந்தாலும், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்த்து, அதை ஏன் அழித்தீர்கள் என்று அவர் புதிதாக யோசிக்க ஆரம்பித்திருப்பார்.