ப்ரெட்ஸ்லீக் வீட்ல சுடுறது பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

செக் நாட்டு ப்ர்னோ நகரத்துக்கு வந்து எட்டு வருஷமாச்சு. ப்ரெட்ஸ்லீக்னா இங்க முடிச்சு போட்டு சுடுற உப்பு ரொட்டி. மாவு பிசையுறது பக்கத்து வீட்டுப் பாட்டி கத்துக்குடுத்தது, சோடா விஷயம் நானா கைய சுட்டுக்கிட்டு கத்துக்கிட்டது. போன வாரம் போட்ட போட்டோவப் பாத்துட்டு ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில்.

அக்கா, இது ஜெர்மன் பிரெட்ஸல்தானே? செக்குன்னு ஏன் தனியா சொல்றீங்க?

பேரே அங்கேருந்து வந்ததுதான், சண்டைக்கு வரல. பவேரியாக்காரங்க காஸ்டிக் சோடா தண்ணில முக்குவாங்க, அதனாலதான் அவங்களோடது அப்படி கரும்பழுப்பா பளபளன்னு இருக்கும். இங்க நான் பாத்த வீடுகள்ல கொதிக்கிற சமையல் சோடா தண்ணில போட்டு எடுக்குறாங்க, இல்லன்னா சோடாவே வேணாம்னு முட்டைய அடிச்சு மேல தடவிடுறாங்க, மாவுல தண்ணிக்குப் பதிலா பாதி பால் ஊத்துறவங்களும் உண்டு. மேல கல் உப்போட க்மீன், இல்லன்னா கசகசா. அந்த க்மீன் வாசனை வந்தாத்தான் எனக்கு செக் ப்ரெட்ஸ்லீக்.

க்மீன்னா நம்ம சீரகமா?

ஐயோ இல்ல! பேரக் கேட்டு நானும் முதல் தடவ ஏமாந்தேன், ரசத்துல போட்டுட்டு ஒரு நாள் பூரா குழம்பிப் போனேன். அது காரவே விதை, பாக்க சீரகம் மாதிரி, வாசனை வேற. கருஞ்சீரகமும் இல்ல. கிடைக்கலன்னா பிரியாணிக்குப் போடுற ஷாஜீரா கொஞ்சம் கிட்ட வரும், அதுவும் இல்லன்னா வெறும் உப்போட விட்டுடுங்க, சீரகம் மட்டும் வேணாம்.

அளவு சொல்லுங்க மொதல்ல, கதை அப்புறம்.

சரிங்க சரிங்க. மைதா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணி 280 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை ஒரு ஸ்பூன், வெண்ணெய் 40 கிராம். பத்து நிமிஷம் நல்லா அடிச்சுப் பிசையுங்க. சப்பாத்தி மாவ விட கொஞ்சம் கெட்டியா இருக்கணும், பரோட்டா மாவு மாதிரி தளதளன்னு இருந்தா முறுக்க வராது. தண்ணி மொத்தத்தையும் ஒரேடியா ஊத்தாதீங்க, மைதாவுக்கு மைதா குடிக்கிற தண்ணி மாறும். ரெட்டிப்பா உப்புனதும் பத்து உருண்டை.

இங்க செக்ல மூணு தினுசு மாவு இருக்கு, எத வாங்குறதுன்னே தெரியல, நான் ப்ராக் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது

ஹ்லட்கான்னு போட்டிருக்கும் பாருங்க, நைஸ் மாவு, அதுதான் நம்ம மைதாவுக்குப் பக்கம். போலோஹ்ரூபா கொஞ்சம் நறநறன்னு இருக்கும், ஹ்ரூபா இன்னும் கொரகொரப்பு, அது க்னெட்லீக்குக்கு, அதாவது குழம்புல தொட்டுக்குற அந்த வேகவச்ச உருண்டைக்கு. நான் ஹ்லட்கா மட்டும்தான் போடுறேன்.

முடிச்சு போடவே வரல, கயிறு மாதிரி உருட்டுனா திரும்ப சுருங்கிக்குது

மாவு டயர்ட் ஆயிருக்கு, அவ்ளோதான். பாதி நீளம் உருட்டி அப்படியே விட்டுட்டு அடுத்ததப் பாருங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தா சொன்ன பேச்சக் கேக்கும். 50, 60 சென்டிமீட்டர் நீளம், நடு வயிறு குண்டா, ரெண்டு முனையும் ஒல்லியா. உண்மையச் சொல்லட்டா, முடிச்சுக்கு இவ்ளோ கவலையே வேணாம், எங்க பாட்டிக்கு வேலை ஜாஸ்தின்னா நீளக் குச்சியாவே சுட்டுருவாங்க. தோல் நல்லா வந்தா ருசி வந்துரும், கோணல யாரும் பாக்கப்போறதில்ல.

அந்த தோல்தான் அக்கா எனக்கு வரமாட்டேங்குது. வெளுப்பா பன்னு மாதிரியே இருக்கு

இதுதான் நான் எதிர்பாத்துட்டிருந்த கேள்வி. அடுப்புல மாவு செவக்குறது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நடத்துற வேலை, மேல்பரப்புல காரத்தன்மை இருந்தா அது ரொம்ப வேகமா நடக்கும், அதுக்குத்தான் சோடா. ஆனா வெறும் சமையல் சோடா ரொம்ப சாது. அதனால அத முதல்ல ஓவன்ல சுடணும். 100 கிராம் சோடாவ ஒரு தட்டுல பரப்பி 130 டிகிரில ஒரு மணி நேரம் வச்சா ஆவியும் வாயுவும் வெளிய போய் சுமார் 63 கிராம் மிஞ்சும், அது வாஷிங் சோடா வகை, காரத்தன்மை எங்கயோ ஜாஸ்தி. அதுல 30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு, கொதிக்க விட வேண்டாம், ரெண்டு மூணு நிமிஷம் முக்கி, பச்சத் தண்ணில ஒரு அலசு அலசி தட்டுல வைங்க. வெறுங்கையால தொடாதீங்க, எரியும், கரண்டியோ கிளவுஸோ வேணும்.

இவ்ளோ மெனக்கெட முடியலன்னா, ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணில சாதா சோடா 50 கிராம், கொஞ்சம் கொஞ்சமா போடுங்க இல்லன்னா பொங்கி அடுப்பெல்லாம் வழியும், ஒண்ணொண்ணா 30 செகண்ட். அதுக்கு மேல விட்டா சோப்பு மாதிரி ஒரு வாடை வரும், தோலும் சுருங்கும். முக்குறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ்ல மூடாம அரை மணி நேரம் வச்சா மேல லேசா காஞ்சு, கையில எடுக்குறப்ப தொங்காது, இத மட்டும் மறக்காதீங்க.

காஸ்டிக் சோடாவே போட்டா என்ன? கடைல சல்லிசா கிடைக்குதே

டாய்லெட் அடைப்பு எடுக்கிறதத்தானே சொல்றீங்க? சாமி, வேணாம். அதுல வேற என்னென்னமோ கலந்திருக்கும். சாப்பாட்டுத் தரத்துல விக்கிறது தனி, அதுவும் 3, 4 சதவீதக் கரைசல்தான், கண்ணாடி போட்டு கிளவுஸ் போட்டு, தண்ணில சோடாவப் போடணுமே தவிர சோடா மேல தண்ணி ஊத்தவே கூடாது. வீட்ல சின்னக் குழந்தைங்க இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

என் இண்டாலியம் சட்டி கருத்துப்போச்சு உங்களால!!

மன்னிச்சிருங்க, முன்னாடியே சொல்லிருக்கணும். அலுமினியத்துக்கும் சோடாவுக்கும் ஆகாது. எவர்சில்வர் பாத்திரம் எடுங்க. சுடுற தட்டும் அலுமினியம்னா பட்டர் பேப்பர் விரிச்சு எண்ணெய் தடவிக்குங்க, சோடாத் தண்ணில நனைஞ்சது பேப்பர்லயும் ஒட்டும்.

ஓடிஜில, அதான் மேசை மேல வைக்கிற சின்ன கரண்ட் ஓவன்ல, வருமா?

வரும். ரெண்டு ராடும் ஆன், 220 டிகிரி, நல்லா சூடானப்புறம் 12லேருந்து 15 நிமிஷம். சின்ன ஓடிஜின்னா நாலு நாலா வைங்க. வயித்துப் பக்கம் பிளேடால ஒரு கீறல் போட்டா அங்க வெள்ளையா வெடிச்சு அழகா வரும்.

துபாய்ல கசகசா தடைங்க, என்ன பண்ண?

எள்ளு போடுங்க. இங்க பாட்டிங்க கேக் ரோல் எல்லாத்துலயும் நீலக் கசகசாவ கிலோக் கணக்குல அரைச்சுக் கொட்டுறாங்க, ஊருக்கு ஊர் சட்டம்!

மறுநாள் உப்பு எல்லாம் ஒழுகி நசநசன்னு ஆயிடுச்சு

உப்பு ஈரத்த இழுக்கும்ல. கவர்ல போட்டு மூடுனா இதான் கதி. அன்னைக்கே தின்னு தீருங்க, மிச்சத்த உப்பு தூவாம ஃப்ரீசர்ல போட்டு, வேணுங்கறப்ப தண்ணி தெளிச்சு உப்பு தூவி அஞ்சு நிமிஷம் சுடுங்க. நம்ம கல்லுப்பு தாராளமா போதும், உரல்ல ஒரு தட்டு தட்டிக்கங்க.

பீர் இல்லாம இத சாப்பிட்டா செக்காரங்க கோச்சுப்பாங்களா?

கோச்சுக்க மாட்டாங்க, பரிதாபமா பாப்பாங்க. பில்சன் ஊர்ல 1842ல அந்தப் பொன்னிற பீரக் கண்டுபுடிச்ச பெருமை இன்னும் இறங்கல. எங்க வீட்ல யாரும் குடிக்கிறதில்ல, தொங்கவிட்டு வடிச்ச தயிர்ல பொடியா நறுக்குன வெங்காயம், மிளகாத்தூள், உப்பு கலந்து தொட்டுக்குறோம், இங்க போமஸான்கான்னு ரொட்டில தடவுறதுக்குக் கிட்டத்தட்ட அதே ருசி. ஆங், ப்ராக் போனா ஒண்ணு ஞாபகம் வைங்க, பீர்க்கடை மேசைல குச்சில மாட்டி வச்சிருக்குற ப்ரெட்ஸ்லீக் ஓசி இல்ல. நானும் என் வீட்டுக்காரரும் பேசிட்டே ஆறு தின்னுட்டோம், பில்லுல ஆறும் இருந்துச்சு.