பியூட் விமான விபத்து: ஐஸ் எங்கே உறைந்தது? – கேள்வி பதில்

2009 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் இருந்து மொன்டானாவின் போஸ்மனுக்குப் பனிச்சறுக்கு விடுமுறைக்காக ஒரு பிலாட்டஸ் பிசி-12 கிளம்பியது. ஒற்றை டர்போபிராப் இன்ஜின் கொண்ட ஸ்விஸ் விமானம். பாதி வழிக்கு மேல் போன பிறகு பியூட் நகரத்துக்குத் திசை மாறியது. அங்கே ஓடுபாதையை நெருங்கும்போது பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் விழுந்து எரிந்தது. விமானியும் பயணிகள் 13 பேரும் இறந்தார்கள். பயணிகளில் 7 பேர் குழந்தைகள்.

இந்த விபத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் விமானப் பராமரிப்பில் இருப்பவன். பேச்சு குழாய், பம்ப், வடிகட்டி பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், மலைப் பகுதி, குளிர், சின்ன விமானம். இறக்கையில் ஐஸ் படிந்துதான் விழுந்தது என்று அப்போதே பேசினார்களே?

பேசினார்கள். சந்தேகப்பட நியாயமும் இருந்தது. ராக்கி மலைகளுக்கு மேல், மார்ச் மாதத்தில், இறங்கும் நேரத்தில் ஒரு விமானம் திடீரென ஒரு பக்கம் சரிந்து மூக்கு குத்தி விழுந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் அன்று பியூட்டில் வானிலை அவ்வளவு மோசமில்லை. மேகம் தரையிலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே இருந்தது, ஓடுபாதை நன்றாகத் தெரிந்தது. விசாரித்தது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்டிஎஸ்பி. இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு 2011 ஜூலையில் இறுதி அறிக்கை தந்தார்கள். ஐஸ் உண்மைதான், ஆனால் அது உறைந்தது எரிபொருள் அமைப்புக்குள்ளே என்றார்கள்.

அதற்கு முன் ஒரு அடிப்படைச் சந்தேகம். இறக்கையில் ஐஸ் எப்படிப் படிகிறது? மலையில் ஏன் அதிகம்?

மேகத்தில் இருக்கும் நீர்த்துளி பூஜ்ஜியம் டிகிரி வந்தவுடன் உறைந்துவிடாது. மைனஸ் 10, மைனஸ் 15-லும் நீராகவே மிதக்கும். அதன் மேல் ஏதாவது ஒன்று மோதியதும் அந்தக் கணமே ஒட்டி உறையும். விமானம்தான் அந்த "ஏதாவது ஒன்று". காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிரும்போது இப்படிப்பட்ட நீர் மேகத்தில் கூடும். சமவெளியில் ஐஸ் பிடித்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சூடான காற்றுக்குப் போய்விடலாம். மலைக்கு மேல் அந்த வழி கிடையாது, கீழே பாறை இருக்கிறது.

எடை கூடுவதால் விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எடை சின்ன விஷயம். இறக்கையின் முன்விளிம்பில் சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்கு ஐஸ் படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும், காற்றின் இழுவை 40 சதவீதம் வரை கூடும் என்பது அமெரிக்க விமானத்துறை திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை.

பிசி-12-இல் ஐஸ் தடுக்கும் வசதி கிடையாதா?

உண்டு. இறக்கை, வால் இரண்டின் முன்விளிம்பிலும் ரப்பர் உறை இருக்கும். அதில் காற்றை அடைத்தால் உப்பி, மேலே படிந்த ஐஸை உடைத்துத் தள்ளும். புரொப்பெல்லருக்கும் கண்ணாடிக்கும் மின்சூடு.

அதற்காக ரப்பர் உறை இருந்தால் எந்த மேகத்திலும் போகலாம் என்றில்லை. 1994 அக்டோபர் 31 அன்று இண்டியானாவின் ரோஸ்லான் அருகே ஏடிஆர்-72 ஒன்று விழுந்து 68 பேர் இறந்தார்கள். பெரிய துளிகளாக இருந்த உறைதூறலில் ஐஸ் அந்த உறையைத் தாண்டிப் பின்னால் போய்ப் படிந்துவிட்டது. பிறகு ஏடிஆர் விமானங்களுக்கு உறையை அகலப்படுத்தினார்கள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது மாதிரி எரிபொருள் உறைந்துவிட்டதா?

இல்லை அம்மா. தேங்காய் எண்ணெய் தானே உறைகிறது. இங்கே எரிபொருள் உறையவில்லை, அதில் இருந்த தண்ணீர் உறைந்தது. அமெரிக்காவில் புழங்கும் ஜெட்-ஏ எரிபொருள் சுமார் மைனஸ் 40 வரை தாங்கும். ஆனால் எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் கரைந்திருக்கும். தரையில் டேங்கின் அடியில் நிற்கும் தண்ணீரைத் திறந்து வடித்துவிடலாம், கரைந்திருப்பதை வடிக்க முடியாது. இந்த விமானம் 25,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. அங்கே சாதாரணமாகவே மைனஸ் 34 டிகிரி. எரிபொருள் குளிரக் குளிர, கரைந்திருந்த தண்ணீர் பிரிந்து நுண்ணிய ஐஸ் துகளாக மாறும். அது வடிகட்டியிலும் பம்பிலும் சேர்ந்து அடைக்கும்.

இன்ஜினில் எண்ணெயின் சூட்டை வைத்து எரிபொருளைச் சூடாக்கும் கருவி இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. எரிபொருள் அங்கே போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அடைத்துக்கொண்டால் அது என்ன செய்யும்?

இதற்கு மருந்து இல்லையா?

இருக்கிறது, விலையும் அதிகமில்லை. எரிபொருளில் ஆயிரத்துக்கு ஒன்று, ஒன்றரை பங்கு கலக்கும் ஒரு திரவம். பிரிந்து வரும் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு அதை உறையவிடாது. பிரிஸ்ட் என்ற வணிகப் பெயரில் டப்பாவிலும் வரும். சில இடங்களில் எரிபொருளிலேயே கலந்து விற்பார்கள், சில இடங்களில் நிரப்பும்போது நாமே சேர்க்க வேண்டும். வெளி வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் எந்தப் பறப்புக்கும் இதைச் சேர்க்க வேண்டும் என்று பிசி-12 கையேடு சொல்கிறது. அவ்வளவு உயரத்தில் பறக்கிற விமானத்துக்கு இது ஏறக்குறைய எல்லாப் பறப்பும்தான்.

அன்று எரிபொருள் நிரப்பியது ஓரோவில்லுக்கு வருவதற்கு முன் நின்ற வாக்கவில் விமான நிலையத்தில், நாமே நிரப்பிக்கொள்ளும் பம்பில். இதுவும் கலிஃபோர்னியாதான். அதில் இந்தத் திரவம் கலந்திருக்கவில்லை. விமானியும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் அறிக்கையின் முதல் காரணம்.

அண்ணா, அப்போ எரிபொருள் வராமல் இன்ஜின் நின்றுவிட்டதா?

எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். அறிக்கை சொல்லும் காரணங்களில் இன்ஜின் நின்றது என்பது இல்லை தம்பி.

பிசி-12-இல் இடது டேங்க், வலது டேங்க் என்று தேர்ந்தெடுக்கும் திருகு கிடையாது. ஒவ்வொரு இறக்கை டேங்கிலும் ஒரு மின்பம்ப் இருக்கும். அழுத்தம் குறைந்தாலோ, ஒரு பக்கம் எரிபொருள் அதிகமாக நின்றாலோ அது தானே ஓடும். அதிகமுள்ள பக்கத்திலிருந்து இழுத்து இரண்டையும் சமமாக்குவதுதான் அதன் வேலை. நல்ல ஏற்பாடு, விமானிக்குச் சுமை குறைவு. ஆனால் ஐஸ் அடைப்பால் இடது பக்கத்திலிருந்து எரிபொருள் வரவில்லை. முழுத் தேவைக்கும் வலது டேங்கே கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் வலது டேங்க் கிட்டத்தட்டக் காலி, இடது டேங்க் நிறைய. ஒரு பக்க டேங்க் நிரம்பினால் 600 கிலோ வரும். அத்தனையும் ஒரே இறக்கையில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

வேகமாகப் பறக்கும்போது வலது பக்கமாக ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்துச் சமாளிக்கலாம். அது அசைப்பது எய்லரானை, அதாவது விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் பலகையை. அதற்குப் பலமே காற்றின் வேகம்தான். தரையிறங்க வேகத்தைக் குறைத்தால் அந்தப் பலமும் குறையும், எடை மட்டும் அப்படியே இருக்கும். ஓடுபாதைக்கு அருகில் திரும்பும்போது இடது பக்கமாகச் சரிந்தது, அவரால் நிமிர்த்த முடியவில்லை.

இது விமானிக்குத் தெரிந்திருக்காதா?

தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால், இந்த அறிக்கையில் கவனித்துப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒவ்வொரு டேங்கின் அளவையும் விமானிக்கு முன்னால் கோடு கோடாகக் காட்டும் திரை இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் 3 கோடுக்கு மேல் வித்தியாசம் வந்து, அது சரியாகவில்லை என்றால், முடிந்த விரைவில் தரையிறங்கு என்பது கையேட்டில் உள்ள வரி. கிளம்பி 1 மணி 21 நிமிஷம் ஆனபோது இன்ஜினுக்கு வலது டேங்க் மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வித்தியாசம் ஏறிக்கொண்டே போனது. பியூட்டுக்குத் திசை மாற்றுகிறேன் என்று அவர் கட்டுப்பாட்டு அறையிடம் சொன்னது அதற்கும் அரை மணி நேரம் கழித்து. ஏன் மாற்றுகிறார் என்றும் சொல்லவில்லை. நடுவில் இறங்கக்கூடிய விமான நிலையங்கள் கடந்து போயின. அவர் அனுபவம் குறைந்தவரும் இல்லை, விமானப்படையில் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

என் கருத்து இது: திரவம் சேர்க்காதது மறதியாகவோ அலட்சியமாகவோ இருக்கலாம், அது தரையில் நடந்து முடிந்த விஷயம். வானத்தில் நடந்தது வேறு மாதிரி. மெதுவாக வளரும் கோளாறுக்கு மணி அடிக்காது. இன்னும் ஒரு கோடுதானே, பம்ப் பிடித்துவிடும், போஸ்மனும் பக்கம்தான் என்று ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் நியாயமாகவே தோன்றும். இன்ஜின் சட்டென்று நின்றிருந்தால் அவர் அந்த நிமிஷமே இறங்கும் இடம் தேடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்த விமானத்தில் கறுப்புப் பெட்டி கிடையாதாமே. இத்தனை துல்லியமாக நேரம் எப்படிச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. பிசி-12-இல் எச்சரிக்கை விளக்குகளை நிர்வகிக்கும் ஒரு கணினி உண்டு. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகச் சில்லு அதில் இருந்தது. எரிந்த சிதைவிலிருந்து அதை எடுத்துப் படித்தார்கள். எந்த பம்ப் எப்போது ஓடியது, எந்த எச்சரிக்கை எப்போது வந்தது என்ற வரிசை அதில் கிடைத்தது. விபத்து விசாரணைக்காக வைத்த சில்லு இல்லை அது, பராமரிப்புக்காக வைத்தது. எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

விமானி இருக்கைகளோடு சேர்த்தே 10 இருக்கை. 14 பேர் எப்படி? அதிக ஆள் ஏற்றியதுதான் காரணமோ?

விழுந்ததற்கு அது காரணம் இல்லை. குழந்தைகள் எல்லோரும் 1 முதல் 9 வயதுக்குள். சிலருக்குத் தனி இருக்கையும் பெல்ட்டும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி இருக்கை, தனி பெல்ட் என்று தனியார் விமானங்களுக்கும் விதி வேண்டும் என்று என்டிஎஸ்பி 2010-லேயே பரிந்துரைத்தது. இவ்வளவு வேகத்தில் மோதியதில் பெல்ட் காப்பாற்றியிருக்காது என்பதும் உண்மை.

ஏர்பஸ், போயிங்கில் இந்தத் தொல்லை இல்லையா?

அவற்றில் இந்தத் திரவத்தைப் பொதுவாகக் கலப்பதில்லை, சூடாக்கும் கருவியை நம்பியிருக்கிறார்கள். அதிலும் ஒரு தடவை சறுக்கியது. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, லண்டன் ஹீத்ரோவில் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் புல்லில் வந்து விழுந்தது. நீண்ட குளிர்ப் பயணத்தில் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஐஸ் மொத்தமாகக் கழன்று, அந்தச் சூடாக்கும் கருவியின் வாயிலேயே அடைத்தது. இரண்டு இன்ஜினிலும் உந்துவிசை குறைந்தது. 152 பேரும் உயிர் தப்பினார்கள். பிறகு அந்த ரோல்ஸ்-ராய்ஸ் கருவியின் வடிவத்தை மாற்றினார்கள்.

நேபாளத்தில் 2022-இல் தாரா ஏர் விழுந்ததும் ஐஸ்தானே?

இல்லை. போக்ராவிலிருந்து ஜோம்சோம் போன ட்வின் ஆட்டர், 22 பேர். மேகத்துக்குள் போய் மலையில் நேராக மோதியது. அது வேறு வகை, தனியாகப் பேச வேண்டும்.

பறக்கும் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன் சார், செஸ்னா 172. நம்ம ஊர் வெயிலில் ஐஸைப் பற்றிக் கவலைப்படணுமா?

உங்கள் விமானத்தில் கார்புரேட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய 172-களில் எரிபொருளைப் பீய்ச்சும் முறைதான். பழையதாக இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். எரிபொருள் ஆவியாகும்போது கார்புரேட்டர் உள்ளே காற்று சட்டென்று குளிரும். வெளியே 20 டிகிரி இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம் என்றால் உள்ளே ஐஸ் கட்டலாம். இன்ஜின் சுழற்சி காரணமில்லாமல் மெதுவாகக் குறைந்தால் கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடியை, முழுசாக இழுங்கள். இழுத்தவுடன் இன்ஜின் இன்னும் கொஞ்சம் தடுமாறும், உருகிய தண்ணீர் உள்ளே போவதால் வருவது அது. பயந்துபோய்த் திரும்ப மூடிவிடாதீர்கள்.